போணி ஆகாத கடை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, அந்த பெஞ்சை இழுத்துப் போட்டுக்குங்க. ஈரோட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை சொன்னால் பாதியை ஹாரன் சத்தம் தின்றுவிடும், மீதியாவது உங்கள் காதுக்கு முழுசாக வந்து சேரட்டும். இது மஞ்சள் மண்டிக்காரர் வீட்டுப் பையன் பூபாலன், கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கு ஒரு மானிட்டர் எடுக்க வந்து, எடுக்கவும் முடியாமல், எடுக்காமல் வெளியே போகவும் முடியாமல் கடைக்குள்ளேயே தங்கிப்போன கதை. அவன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு பதிலுக்காகக் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெண் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த கதையும் இதுதான்.

எங்கள் தராசுக்காரச் சந்தில் இன்றைக்குத் தராசு விற்கிறவர் யாருமில்லை, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கம்ப்யூட்டர் கடைகள்தான், நடுவில் என் டீக்கடை. ஆவணி முகூர்த்தத்தில் எனக்கு நேர் எதிரே நாச்சிமுத்து புதுக்கடை திறந்தார். பூசணிக்காய் உடைத்து, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டி, சுவர் முழுக்கச் சின்னதும் பெரிசும் தட்டையும் வளைவுமாக மானிட்டர்களை மாட்டி, எல்லாவற்றிலும் ஒரே கார் பந்தயத்தை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளுக்காக நின்றார். அந்த முதல் ஆளாகத்தான் பூபாலன் படியேறினான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கெட்டவன் இல்லை, மரியாதை தெரிந்தவன், ஆனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்று போய்விடுமே என்கிற பயம் அவனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே உண்டு. தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர்கள் சலித்துப்போய் பொங்கலுக்கு வரச் சொல்வார்கள். அந்த ஆடி முடிந்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோபிக்குப் பெண் பார்க்கப் போனான். பெண் பெயர் பவதாரணி. பிடித்திருந்தது. கேசரி சாப்பிட்டான், பஜ்ஜி சாப்பிட்டான், பெண்ணின் அப்பா கைகூப்பி நின்றபோது மட்டும் வாய் வரவில்லை. அவன் அம்மா ருக்குமணிதான், "ஊட்ல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க" என்று சொல்லிக் கூட்டி வந்தாள். அந்தச் சொல் போகவே இல்லை. பெண்ணின் அப்பா மானஸ்தர். ஒரு வீட்டுப் பதில் வராமல் அடுத்த வீட்டுக்கு ஜாதகம் கொடுக்க மாட்டேன், பெங்களூரில் கிடைத்த வேலைக்கும் அனுப்ப மாட்டேன், நாளைக்கே அவர்கள் வந்து நின்றால் பெண் எங்கே என்று கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்கள் தை வரைக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள், தை பிறந்ததும் வந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் என்றார்கள். அந்தப் பெண் பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து வாசலையும் காலண்டரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே இவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க தம்பி, இது இருபத்திநாலு இன்ச்சு, நூத்தி நாப்பத்திநாலு ஹெர்ட்ஸு. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள திரை அத்தனை வாட்டி புதுசா வரையுமுங்க. ஓடற முயலக்கூட நிறுத்திக் காட்டும்."

"அந்த இருபத்தேழு?"

"பெருசுதானுங்க, ஆனா கிட்ட உக்காந்தீங்கன்னா சினிமாக் கொட்டாயில முன் பெஞ்சுல உக்காந்தாப்பல கழுத்து வலிக்கும்."

"வளைஞ்சிருக்குதே, அது?"

"கருப்பைக் கருகருன்னு காட்டுமுங்க. வேகமாத் திரும்பினா மட்டும் பின்னால கொஞ்சம் நெழல் இழுக்கும்."

"நெழல் இழுக்காதது?"

"இதுங்க. ஆனா இருட்டுக் காட்சியில கருப்பு சாம்பல் பூத்தாப்பல தெரியும்."

"எல்லாம் நல்லா இருக்கிறது ஒண்ணு இல்லீங்களா?"

நாச்சிமுத்து சிரித்தார். "அப்படி ஒண்ணு இருந்தா நான் எதுக்குங்க இத்தனையை மாட்டி வெக்கறேன்?"

இப்படியே காலை போய், மதியம் போய், என் கடையிலிருந்து அவனுக்கு டீ போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவன் எழுந்து, "ஒரு சுத்து சுத்திட்டு வந்தர்றனுங்க" என்றான். நாச்சிமுத்துவின் முகம் வாடிவிட்டது. "தம்பி, மொதப் போணிங்க. வெறுங்கையோட எறங்காதீங்க, கடைக்கு ஆகாது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, கடையின் முதல் நாளில் முதல் ஆள் வாங்காமல் இறங்கினால் அந்தக் கடை என்னத்துக்கு ஆகும். ஆனாலும் பூபாலன் செருப்பை மாட்டினான், வலது காலை வாசப்படிக்கு இந்தப் பக்கம் எடுத்து வைத்தான், எடுத்து வைத்த கால் கடைக்குள்ளே இருந்தது. நான் டீ ஆற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எங்களுக்கு முகம் காட்டி வெளியே வந்தவன், ஒரு எட்டில் எங்களுக்கு முதுகு காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

"திரும்பி வந்துட்டீங்களே, நல்ல மனசு தம்பி!" என்று நாச்சிமுத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அவன் மறுபடியும் இறங்கினான், மறுபடியும் ஏறினான். ஓடிப் பார்த்தான், பக்கவாட்டில் நழுவிப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் சந்துக்கே விஷயம் தெரிந்துபோயிற்று: போணி ஆகாமல் கடை அவனை விடாது.

ஒரு வயரை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். வாங்கினான், பில் மிஷினிலிருந்து வெள்ளைத் தாள்தான் வந்தது, ஒரு எழுத்து இல்லை. அவன் வந்தது வயருக்கு இல்லையே. சரி, கையில் கிடைத்த மானிட்டரை எடு என்றார்கள். எடுத்தான், காசும் கொடுத்தான், பெட்டியைத் தூக்கும்போதே கண் சுவரில் இருந்த இன்னொன்றின் மேல் போயிற்று, பில் வெள்ளையாக வந்தது, வாசல் அவனைத் திருப்பி உள்ளே வைத்தது. நாச்சிமுத்துவின் நிலைமை அதைவிட மோசம். மற்றவர்கள் உள்ளே வரலாம் போகலாம், ஆனால் முதல் ஆள் வெறுங்கையோடு நிற்கும்போது இரண்டாவது ஆளுக்கு விற்க அவருக்குக் கை வரவில்லை. ஷட்டரை இழுத்தால் அதுவும் இறங்கவில்லை. போணி ஆகாத கடை மூடவும் மூடாது என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

ருக்குமணி வந்தாள். படியில் நின்று, "அங்க ஃபேன் சுத்துதா சாமி?" என்று கேட்டாள். சுற்றுகிறது என்றான். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாளிலிருந்து தூக்குப்போசியில் சோறு கொண்டுவர ஆரம்பித்தாள், சோறு மிச்சம் வந்தால் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரித் திட்டினாள். நாவிதர் உள்ளே போய் முடிவெட்டினார். மண்டிக் கணக்கை அவன் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்தான். தபால்காரர் விலாசத்தைக் கேட்காமலே கடிதங்களை அங்கே போட்டார். சாமி ஊர்வலம் வந்தபோது, பையன் வெளியே வர மாட்டானே என்று பல்லக்கையே கடை வாசலில் ஒரு நிமிஷம் இறக்கி வைத்தார்கள், அவன் உள்ளே இருந்து கும்பிட்டான், பூசாரி விபூதியைக் கை நீட்டிப் போட்டுவிட்டுப் போனார். புதிதாகச் சந்துக்குள் வருகிறவர்கள் யாராவது, "அதென்னங்க, ஒருத்தர் அங்கயே இருக்காரு?" என்று கேட்டால், "மானிட்டர் பாத்துக்கிட்டிருக்காரு" என்று சொல்லுவோம், அவர்களும் சரி என்று டீயைக் குடிப்பார்கள்.

இருக்க இருக்க அவனுக்கு அந்தச் சுவர் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆட்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி வந்தால், "உனக்குச் சின்ன மேசை கண்ணு, இருபத்திநாலுக்கு மேல போகாதே" என்பான். லாரி ஆபீஸ்காரர் வந்தால், "உங்க கம்ப்யூட்டர்ல படம் வரையற கார்டு பழசு, அதுக்கு எரநூத்தி நாப்பது ஹெர்ட்ஸு எதுக்குங்க, கட்டை வண்டியில ரயில் சக்கரம் மாட்டினாப்பல" என்பான். கேட்டவன் வாய் மூடுவதற்குள் பதில் வரும், பதில் தப்பியதும் கிடையாது. நாச்சிமுத்து விற்க மாட்டாரே, அதனால் அவனிடம் கேட்டவர்கள் எல்லாம் பக்கத்தில் அர்த்தநாரி கடையில் போய் வாங்கினார்கள். அர்த்தநாரி கடையில் கூட்டம் தாங்கவில்லை. அவர் சாய்ந்து உட்காருகிற பெரிய நாற்காலி ஒன்றைப் பூபாலனுக்குச் சும்மாவே கொண்டுவந்து போட்டார், வெள்ளிக்கிழமையானால் பழம் கொண்டுவந்து கொடுத்தார். "கல்யாணம் காட்சியெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம் தம்பி, வெளிய வந்து மட்டும் என்னத்தைக் கண்டீங்க? ஒரே புழுதி" என்றார். வாடகைக்கு விட்டிருந்த கட்டிடக்காரர்களும் அதையே சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், என் டீயும் அப்போதுதான் நன்றாக ஓடியது. அவனை வெளியே கொண்டுவர வேண்டும் என்று பேசுவதைச் சந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டது. கார்த்திகை மழை பெய்தது, வாசல் எலுமிச்சம்பழம் காய்ந்து கல்லானது, நாச்சிமுத்துவுக்குத் தாடி வளர்ந்தது, சுவரில் அதே கார்கள் அதே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

ஒருநாள் டீ கொடுக்கப் போனபோது பூபாலன் வாசப்படி வரைக்கும் வந்த வெயிலில் விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் படியைத் தாண்டும்போதெல்லாம் அவன் காதோரத்தில் போய் முளைத்தது.

"பெரியப்பா, அத்தனை திரையிலயும் ரோடு ஓடுதுங்க. ஒரு ரோட்லயும் எறங்க முடியல" என்றான்.

"கோபிக்காவது ஒரு பதில் சொல்லி அனுப்பு சாமி. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"நாலு வாட்டி போனை எடுத்தனுங்க. சரின்னு சொல்லப் போனா வேண்டாம்னு தோணுது, வேண்டாம்னு சொல்லப் போனா சரின்னு தோணுது."

மார்கழி முடிகிற நேரம், வெயில் ஏறின காலையில் ஒரு ஸ்கூட்டர் வந்து என் கடை முன்னால் நின்றது. இறங்கின பெண் ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு டீ சொல்லிவிட்டு, எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருதானுங்களா?"

"அவருதான் அம்மிணி. நீங்க?"

"பவதாரணிங்க. கோபி."

அவளுடைய மானிட்டரில் குறுக்கே கோடு விழுந்துவிட்டதாம், புதிதாக எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அப்பாவிடம் ஈரோடு வரை போக அனுமதி வாங்கினாளாம். என்ன வேலை அம்மிணி என்று கேட்டேன். "கேம் விளையாடிப் பாக்கற வேலைங்க. வெளிய விடறதுக்கு முன்னால எங்க கோளாறு இருக்குதுன்னு பாத்துச் சொல்லோணும். ஆளு சொவத்துக்குள்ள போய்ச் சிக்கிக்குவான், கதவைத் தாண்ட மாட்டான், நின்ன எடத்துலயே ஓடுவான். எதனாலன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் சம்பளம்" என்றாள். டீயைக் குடித்து முடித்தாள், சந்தைக் கடந்து படியேறினாள்.

பூபாலன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"உக்காருங்க, நான் பதில் கேக்க வரல" என்றாள். "ஒரு வாட்டி வெளிய போங்க, பாக்கறேன்."

போனான், வந்தான்.

"இப்ப பின்பக்கமா நடந்து போங்க."

போனான், வந்தான்.

"கண்ணை மூடிக்கிட்டு?"

"அதெல்லாம் பாத்தாச்சுங்க" என்றார் நாச்சிமுத்து. "ஒரு சோசியக்காரர் தலகீழாக்கூட நடக்க வெச்சாரு."

அவள் வாசல் நிலையைத் தடவிப் பார்த்தாள். வயர் வாங்கினதையும், காசு கொடுத்ததையும், பில் வெள்ளையாக வந்ததையும் கேட்டாள். அர்த்தநாரி தன் கடைப் படியில் நின்று, "என்ன அம்மிணி, மந்திரமா?" என்று நக்கலாகக் கேட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, "இவரு சொல்லி வாங்கினவங்க நெறையப் பேருங்களா?" என்றாள்.

"சந்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு."

"சொல்றப்பத் தடுமாறுவாருங்களா?"

"சொடக்குப் போட்டாப்பல சொல்லுவான்."

"அவங்களுக்காக இவரே எடுத்து, இவரே பில்லுப் போட்டது?"

"அது ஒண்ணுகூட இல்லை அம்மிணி" என்றேன். அர்த்தநாரி உள்ளே போய்விட்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு மானிட்டர் வேணுங்க. எடுத்துக் குடுங்க."

அவன் மெதுவாக, "மேசை எவ்வளவு அகலம்?" என்றான்.

"ரெண்டு மொழம்தானுங்க. தையல் மிசினு மேசை."

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"முதுகுக்குப் பின்னால."

"கண்ணு வலிக்குமா?"

"சாயங்காலமானா எரியும்."

"கம்ப்யூட்டர்ல கார்டு என்னதுங்க?"

சொன்னாள். அவன் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தபடி, ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டே போனான்: இருபத்திநாலு போதும், தட்டைதான் வேண்டும், நிழல் இழுக்காத பேனல், உங்கள் வேலைக்கு நிழல் இழுத்தால் இல்லாத கோளாறு இருக்கிற மாதிரித் தெரியும், ஹெர்ட்ஸு நூற்று அறுபத்தைந்து, அதுக்கு மேலே அந்தக் கார்டு தள்ளாது, ஜன்னல் வெளிச்சம் அடிக்கும், அதனால் பளபளக்காத கண்ணாடி, தையல் மேசை உயரம் என்பதால் ஏற்றி இறக்குகிற ஸ்டாண்டு, அதோ மூன்றாவது வரிசையில் ஓரத்தில் இருக்கிறதே, அது.

"இருபத்தேழு எடுத்தா நல்லா இருக்காதுங்களா?" என்றாள் அவள்.

"உங்களுக்கு வேண்டாம்."

அந்த "வேண்டாம்" அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நாச்சிமுத்து அப்படியே கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"வளைஞ்சது?"

"வேண்டாமுங்க. இதுதான்."

அவனே காசு கொடுத்தான். பில் மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது, அப்புறம் கர்ரென்று தாளைத் தள்ளியது, தாளில் எழுத்து இருந்தது. நாச்சிமுத்து அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு அழுதார். சுவரில் ஓடிக்கொண்டிருந்த கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றன. பூபாலன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான், வலது காலை எடுத்து வைத்தான், கால் என் டீத்தண்ணி ஓடுகிற சாக்கடை ஓரத்தில் சேறு தெறிக்க விழுந்தது. அவன் அந்தச் சேற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ருக்குமணி தூக்குப்போசியோடு சந்துக்குள் நுழைந்தாள். மகன் தெருவில் நிற்கிறான், பெண் பக்கத்தில் நிற்கிறாள், அவன் பெட்டியை அவள் கையில் கொடுக்கிறான். ருக்குமணி சோற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

"சீர் குடுத்துட்டான்! எம்மவன் பொண்ணுக்குச் சீர் குடுத்துட்டான்!"

அப்புறம் சந்து சும்மா இருக்குமா? பூக்காரி கூடையோடு ஓடி வந்தாள். "இப்பவே பூ வெச்சிருங்க, நல்ல நேரம் போயிரும்" என்றது ஒரு குரல். அர்த்தநாரிகூட, போனது போகட்டும் என்று, கல்யாண வீட்டுக்குப் பெரிய டிவி தன் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார். கடைக்காரர்கள் வந்தார்கள், மண்டி ஆட்கள் வந்தார்கள், ஸ்கூட்டருக்குப் பின்னாலும் ஆள், முன்னாலும் ஆள், பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நடுவில். அவள் ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்தால் இந்தப் பக்கம் ஒரு பெரியம்மா சிரித்தபடி நின்றாள், அந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் ஒரு மாமா. வாசப்படி இல்லாத இடத்திலும் அப்படி ஒரு வாசலை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கட்டிவிட்டோம்.

"எனக்குச் சம்மதமுங்க" என்றான் பூபாலன். நிஜமாகவே சொன்னான், குரல் நடுங்கவில்லை.

ருக்குமணி மல்லிகைச் சரத்தை இரண்டு கையாலும் விரித்துப் பெண்ணின் கூந்தலுக்குக் கொண்டுபோனாள். பவதாரணி தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பெட்டியை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து ஒரு முழங்கையால் அணைத்துக்கொண்டு, போனை எடுத்து விரலால் தட்டினாள். பூபாலனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"பில்லுல இருக்கிறது அவ்வளவும் அனுப்பிட்டனுங்க. இது சீர் இல்லீங்கம்மா. எடுத்துக் குடுக்கச் சொன்னேன், எடுத்துக் குடுத்தாரு. நல்லா எடுத்துக் குடுத்தாரு."

எல்லோரும் திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தோம். அவர் பயந்துபோய் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து அப்படியேதான் இருந்தது.

"அப்படிச் சொல்லலாமா கண்ணு? பையன் வாயத் தொறந்து சம்மதம்னு சொல்லிட்டானே!" என்றாள் ருக்குமணி.

"கேட்டனுங்க" என்றாள். அவள் பூபாலனை நேராகப் பார்த்தாள், கோபமாகப் பார்க்கவில்லை. "எனக்கு வேண்டாமுங்க."

அப்புறம் அங்கேயே, அத்தனை பேர் காதும் கேட்க, அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா, ஈரோட்டுப் பதில் கெடைச்சிருச்சுங்க. இல்லீங்கப்பா, அவங்க சொன்னது இல்ல, நாஞ்சொன்னது. ஆமா, அவங்க முன்னாலதான் சொன்னேன். பெங்களூருக்கு டிக்கெட் போட்டர்றேன். சாப்பிட்டீங்களா?"

பூக்காரி சரத்தைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்தாள். ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விலகினார்கள். பூபாலன் மட்டும் ஒரு எட்டு முன்னால் வந்து, "பெட்டி வழியில சரிஞ்சிரப் போகுதுங்க. பஸ் ஸ்டாண்டு தாண்டற வரைக்குமாவது நான் பின்னால உக்காந்து புடிச்சுக்கட்டுங்களா?" என்றான்.

அவள் தோளில் கிடந்த துப்பட்டாவை உருவினாள், பெட்டியைச் சீட்டோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினாள், கம்பிக்கு அடியில் கொடுத்து வாங்கி இறுக்கினாள், முடிச்சுப் போட்டாள், போட்ட முடிச்சை ஒரு தரம் பலமாக இழுத்துப் பார்த்தாள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.